கூழாலைக் கையேட்டின் பொருளடைவு: குறியிட்ட மூலத்திலிருந்து ஆக்கும்போது வரும் சிக்கல்கள்

ஓசூர்க் கையேட்டாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் இருந்துகொண்டு இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்காக, இயக்கமும் பராமரிப்பும் சேர்ந்த கையேடு ஒன்றை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். பழம் கழுவும் தொட்டியில் தொடங்கி, கொட்டை நீக்கி, கூழ் பிழியும் பல்ப்பர், கூழை மேலும் சலிக்கும் ஃபினிஷர், சூட்டால் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர், கிருமி நீக்கிய பையில் நிரப்பும் பகுதி வரை வரிசை முழுவதையும் எழுதியதில் 212 பக்கங்கள் ஆகிவிட்டன. மூலம் ஆஸ்கிடாக்கில், அதாவது வெறும் உரையில் குறிகள் இட்டு எழுதும் ஒரு குறியீட்டு மொழியில், இருக்கிறது. அதே மூலத்திலிருந்து அச்சுக்கான பிடிஎஃப்பும், ஆலையில் உள்ள கைக்கணினியில் திறப்பதற்கான எச்டிஎம்எல்லும் வர வேண்டும் என்பது பேச்சு.

இறுதியில் சொல்லையும் பக்க எண்ணையும் தரும் அடைவுதான் என்னைப் படுத்துகிறது. முக்கியமான சொல் வந்த இடமெல்லாம் ((வடிகட்டியை)) என்பதுபோல் இரட்டை அடைப்பு இட்டுக்கொண்டே போனேன். அடைவைத் திறந்து பார்த்தால் வடிகட்டி, வடிகட்டிக்குள், வடிகட்டியின், வடிகட்டியை என்று ஒரே பொருள் நான்கு வரிகளாக நிற்கிறது. இது என் பிழை என்று உடனே புரிந்தது. ஆனால் "கொதிகலன்" என்ற சொல், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தும், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு முறை வந்திருக்கிறது. அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. வரிசையோ அதைவிட மோசம்: அகரத்தில் அனல் காப்பு முதலில் வருகிறது, பின் அரவைத் தட்டு, அறை வெப்பநிலை, அளவுகோல், அழுத்தமானி கடைசிக்குப் போய்விட்டது. எச்டிஎம்எல் வடிவத்தில் அடைவே வரவில்லை. தலைப்பு மட்டும் வெறுமையாக நிற்கிறது.

டாக்புக், லாடெக் என்ற வேறு குறியீட்டு மொழிகளில் ஒன்றுக்கு மாறிவிடலாமா என்று எண்ணுகிறேன். இந்த வேலையைத் தமிழில் செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

பென்னாகரத்து நிரலர் எழுதியது:

மாறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன நான்கு சிக்கல்களில் முதல் இரண்டும் எந்தக் குறியீட்டு மொழிக்குப் போனாலும் உங்களோடு கூடவே வரும்.

ஆஸ்கிடாக்கில் இரட்டை அடைப்பு என்பது "இந்தச் சொல் பத்தியிலும் தெரிய வேண்டும், அடைவிலும் சேர வேண்டும்" என்ற கட்டளை. ஆங்கிலத்தில் இது வசதியானது. அங்கே பெயர்ச்சொல் பெரும்பாலும் உருமாறாமல் நிற்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அடைப்புக்குள் எது இருக்கிறதோ அது அப்படியே அடைவுக்குப் போய்விடுகிறது. ((வடிகட்டி))யை என்று உருபை வெளியே விட்டு எழுதினால் பத்தியில் "வடிகட்டியை" என்றும் அடைவில் "வடிகட்டி" என்றும் வரும். ஆனால் இந்த உபாயம் தொட்டி, வடிகட்டி போன்ற சொற்களோடு நின்றுவிடும். அழுத்தம் "அழுத்தத்தை" ஆகும்போதும் குழாய் "குழாயை" ஆகும்போதும் வெட்டுவதற்கு இடம் கிடைக்காது. எனவே பத்தியில் தெரியாத மும்மடி அடைப்பையே எங்கும் பயன்படுத்துங்கள். பத்தி தொடங்கும் முன் (((வடிகட்டி, துணி மாற்றுதல்))) என்று தலைச்சொல்லும் உட்தலைப்பும் எழுதி வைத்தால், கீழே பத்தியில் அந்தச் சொல் எந்த வேற்றுமையில் வந்தாலும், ஏன், வராமலே போனாலும், அடைவு ஒழுங்காக இருக்கும்.

கொதிகலன் இரட்டையாக வருவதற்குக் காரணம் ஒருங்குறி, அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூனிகோடு முறை. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றே ஒன்று இருக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம். திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டிய ஆவணத்தை மாற்றியில் போட்டு எடுத்து எங்காவது ஒட்டினீர்களா? அத்தகைய மாற்றிகளில் சில, பழைய முறையில் தனித்தனியாக இருந்த கொம்பையும் காலையும் அப்படியே இரண்டாக வைத்துவிடுகின்றன. மூலக் கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறியின் இணைந்த வடிவத்துக்கு ஒருமுறை இயல்பாக்கிவிட்டால் இது தீரும். பைத்தான் நிரல்மொழியில் இரண்டு வரி வேலை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் மட்டும் இயல்பாக்கம் அதைத் திருத்தாது, ஏனெனில் கணினியின் பார்வையில் அது எழுத்துப்பிழை. அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

வரிசையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் மரபு வரிசை எது என்பதை விவரம் தெரிந்தவர் யாராவது உறுதிசெய்தால் நல்லது.

ஓசூர்க் கையேட்டாளர் எழுதியது:

ஆம். பாதுகாப்பு அத்தியாயத்தைப் பத்தாண்டுகளுக்கு முந்தைய கோப்பு ஒன்றிலிருந்து மாற்றி எடுத்தேன். இரண்டாவது கொதிகலன் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

தம்பி, நான் தருமபுரியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். இயந்திரம் எனக்குத் தெரியாது. அடைவு ஓரளவு தெரியும்.

முதலில் பெயரைப் பிரித்துக்கொள்வோம். ஒரு நூலில் ஆளப்பட்ட சொற்களை அவை வரும் இடங்களோடு தருவது சொல்லடைவு. அந்நூல் எந்தெந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்பதைத் தருவது பொருளடைவு. சங்கப் பாடல்களுக்குச் சொல்லடைவு வேண்டும், ஏனெனில் ஒரு சொல் எங்கெல்லாம் ஆளப்பட்டது என்பதே அங்கு ஆய்வாளனின் கேள்வி. ஆலையில் வேலை செய்பவருக்கு அந்தக் கேள்வி இல்லை. நீங்கள் சொல் வந்த இடமெல்லாம் குறியிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது பொருளடைவு கேட்ட இடத்தில் சொல்லடைவு கட்டியிருக்கிறீர்கள். "வடிகட்டியைக் கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தவும்" என்ற வரியில் மோட்டார் என்ற சொல் இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கத்தை மோட்டாரின் கீழ் சேர்த்தால், மோட்டாரைப் பற்றி அறியத் தேடி வருபவர் அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போவார்.

இனி வரிசை. உயிர் பன்னிரண்டு, அடுத்து ஆய்தம், அதன்பின் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்ற மெய்வரிசை, இறுதியில் ஜ ஷ ஸ ஹ முதலிய கிரந்த எழுத்துகள். ஒவ்வொரு மெய்யிலும் புள்ளி எழுத்து முதலில் வந்து, பின் அகரம் ஏறியது, ஆகாரம் ஏறியது என்று ஔகாரம் வரை செல்லும். ஆகவே "வட்டத் தகடு" முன்னும் "வடம்" அதன் பின்னும் "வடிகட்டி" அதற்கும் பின்னும் வர வேண்டும். நீங்கள் காட்டிய பகுதி அரவைத் தட்டு, அழுத்தமானி, அளவுகோல், அறை வெப்பநிலை, அனல் காப்பு என்று அமைய வேண்டும். உங்கள் கருவி இதை ஏறத்தாழத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறது.

பென்னாகரத்து நிரலர் எழுதியது:

நன்றி ஐயா. கருவி அப்படிக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற குறிமுறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி அமைந்தது. தேவநாகரியின் வரிசைக்கு இணையாக எழுத்துகளை நிறுத்தியதால் ஜகரம் சகரத்தின் பக்கத்திலும், னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்கள் லகரத்தின் பக்கத்திலும் போய்விட்டன. புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாம் முடிந்த பின் வருகிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் எந்தக் கருவியும் அனல் காப்பு, அரவைத் தட்டு, அறை வெப்பநிலை, அளவுகோல், அழுத்தமானி என்றுதான் கொடுக்கும். இது ஒருங்குறியின் குறையன்று; குறியெண் சேமிப்பதற்கானது, அகரவரிசைக்கு வேறு விதி உண்டு. அந்த விதியைப் படிக்காத கருவிகளே சிக்கலுக்குக் காரணம்.

கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் வழி தானே தெரியும். எல்லாவற்றிலும் பாதை ஒன்றுதான்: மூலத்தில் குறி இருக்கிறது, பக்கம் அமைக்கும்போது ஒவ்வொரு குறியும் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பது திரட்டப்படுகிறது, திரட்டியதை ஒரு நிரல் அடுக்கி, ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்து, மீண்டும் ஆவணத்துக்குள் கொடுக்கிறது. லாடெக்கில் இது கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. முதல் ஓட்டத்தில் ஒரு துணைக் கோப்பு உண்டாகும், அதை மேக்இண்டெக்ஸ் எடுத்து அடுக்கும், அடுத்த ஓட்டத்தில் அடைவு நூலுக்குள் வரும். மேக்இண்டெக்ஸ் 1987 காலத்துப் பெஹோங் சென்னின் நிரல். அதற்கு ஆங்கில எழுத்து, எண், பிற குறி ஆகிய மூன்றைத் தவிர வேறு உலகம் தெரியாது. தமிழ்ச் சொற்கள் அனைத்தையும் "பிற குறி" என்ற தலைப்பில் குவித்துவிடும்.

ஆனால் மேக்இண்டெக்ஸ் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் அட் குறிக்கு (@) முன்னால் எழுதுவது அடுக்குவதற்கு, பின்னால் எழுதுவது அச்சிடுவதற்கு. டாக்புக்கில் தலைச்சொல் உறுப்புக்கு இதே வேலையைச் செய்யும் ஒரு பண்புக்கூறு உண்டு; டிட்டா என்ற ஆவண வடிவத்தில் இதற்கெனத் தனி உறுப்பே உண்டு. இவை ஆங்கிலத்தில் அபூர்வமாகத் தேவைப்படுபவை, நமக்கு எல்லாச் சொல்லுக்கும் தேவைப்படுபவை. கையால் எழுத முடியாது, நிரலால் முடியும். நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு எழுத்தையும் நான்கு இலக்கமாக மாற்றுகிறேன். அப்படி வரும் இலக்கத் தொடர்தான் அடுக்குவதற்கான திறவு. சொல்லின் முதலில் தனியாக வரும் உயிருக்கு 0100 முதல் 1200 வரை, ஆய்தத்துக்கு 1300. மெய்களுக்கு ககரம் 14இல் தொடங்கி னகரம் 31 வரை, கிரந்தத்துக்கு 32 முதல். அதன் பின் இரண்டு இலக்கம் உயிருக்கு, புள்ளியானால் 00. "வட்டு" என்பது 270118001805 ஆகிறது, "வடம்" 270118012300 ஆகிறது. புள்ளி எழுத்து தானாகவே முன்னால் வந்துவிடும்.

இதில் நான் விழுந்த குழி ஒன்றையும் சொல்கிறேன். மேக்இண்டெக்ஸ் முழுவதும் இலக்கமாக இருக்கும் திறவை எண்ணாகவே கருதும். இவ்வளவு நீண்ட எண்ணை அதனால் தாங்க முடியாது. வரிசை மறுபடியும் குலைந்துபோகும். திறவின் முன் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் சரியாகும், ஆனால் அப்போது எல்லாச் சொற்களும் அந்த ஓர் எழுத்தின் தலைப்புக்குக் கீழ் வந்து நிற்கும். லாடெக்கிலேயே இருக்க விரும்புபவர்கள் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு அப்மெண்டெக்ஸ் என்ற அடைவு நிரலைப் பார்க்கலாம். அது பல மொழிகளின் வரிசை விதிகள் அடங்கிய ஐசியு நிரல் நூலகத்தைக் கொண்டு அடுக்குகிறது, மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டால் தமிழ் வரிசை விதியைப் படிக்கும்.

உங்களுக்கு நான் லாடெக்கைச் சொல்லமாட்டேன். ஆஸ்கிடாக் மூலத்தைத் தொடாமல் அதிலிருந்து டாக்புக் எடுங்கள். மும்மடி அடைப்புகள் அங்கே அடைவு உறுப்புகளாக மாறியிருக்கும். நடுவில் ஒரு சிறு நிரல் அவற்றுக்கெல்லாம் வரிசைத் திறவைச் சேர்க்கட்டும். பிறகு டாக்புக்கை வேறு வடிவங்களுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல் நடைதாள்களைக் கொண்டு பிடிஎஃப்பும் எச்டிஎம்எல்லும் ஆக்குங்கள். ஆஸ்கிடாக் மூலத்தை மாற்றித் தரும் ஆஸ்கிடாக்டர் கருவியின் சொந்த எச்டிஎம்எல் ஆக்கி அடைவைக் கட்டுவதில்லை; உங்களுக்கு வெற்றுத் தலைப்பு வந்ததன் காரணம் அதுதான். எக்ஸ்எஸ்எல் நடைதாள்களில் அடைவு ஆக்க மூன்று முறைகள் உள்ளன. அவற்றில் கோசெக் என்ற முறையில் எழுத்துக் குழுக்களின் பட்டியலையும் வரிசையையும் நாமே கொடுக்கலாம். திறவின் முதலில் சொல்லின் முதல் எழுத்தைத் தமிழாகவே வைத்து, இலக்கங்களை அதன் பின் எழுதினால், தலைப்பு எழுத்தும் சரியாக வரும், உள்வரிசையும் சரியாக வரும்.

ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு வரி. அது அடுக்கும் முன் ஒருங்குறியின் பிரிந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே கொகரவரிசை கெகரத்தை ஒட்டி வந்து, கேகரத்துக்கு முன்னால் நின்றுவிடும். முதன்முறை பார்த்தபோது என் கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன்.

காவேரிப்பட்டணம் கூழாலை எழுதியது:

நான் கையேடு எழுதுபவன் அல்லன். பருவத்தில் இரவு முறை பார்க்கும் மேற்பார்வையாளன். நீங்கள் எல்லோரும் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஆலையில் இருக்கும் கையேட்டின் அடைவில் வரிசை சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யாரும் அதைப் புரட்டுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மாங்காய்ப் பருவத்தில் வண்டிகள் வாயிலில் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் இயந்திரம் நின்றால், பழுதுபார்க்கும் பிட்டர் கையேட்டை எடுப்பது ஒரு பாகத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக அன்று. பல்ப்பரில் கழிவு ஈரமாக வருகிறது, கூழில் கருப்புத் துகள் தெரிகிறது, நிரப்பிய பை மூன்றாம் நாள் உப்பிக்கொள்கிறது, பேரிங் பக்கம் சத்தம் கேட்கிறது: அவர் கையில் இருப்பது இவைதான். அடைவில் "கழிவு, ஈரமாக வருதல்" என்று இருந்தால் அவர் சல்லடை அடைப்பு பற்றிய பக்கத்துக்கும் துடுப்பு இடைவெளி பற்றிய பக்கத்துக்கும் போய்ச் சேருவார். "துடுப்பு இடைவெளி, சரிசெய்தல்" என்று மட்டும் இருந்தால், காரணம் துடுப்பு இடைவெளி என்பது முன்பே தெரிந்தவர்தான் அதைத் தேட முடியும். தெரிந்தவருக்குக் கையேடு எதற்கு?

இன்னொன்று. எங்கள் கையேட்டில் "தாங்கி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆலையில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. பேரிங் என்றுதான் தேடுவார்கள். பகரத்தில் பார்த்துவிட்டு, இல்லை என்று மூடிவிடுவார்கள்.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

ஐயா சொல்வதில் நோயின் பெயரைக் கொண்டு தேட வைக்க வேண்டும் என்ற பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பேரிங்கைத் தலைச்சொல்லாக வைத்துவிட்டால் தாங்கி என்ற சொல் எப்போதுதான் ஆலைக்குள் நுழையும்? நூலின் உள்ளே ஒரு சொல்லும் அடைவில் வேறொரு சொல்லும் இருப்பது முறையும் அன்று. தாங்கியைத் தலைச்சொல்லாக்கி, பேரிங் என்ற இடத்தில் "காண்க: தாங்கி" என்று போட்டால் இரண்டு கடமையும் நிறைவேறும்.

காவேரிப்பட்டணம் கூழாலை எழுதியது:

ஐயா, கிரீஸ் படிந்த கையோடு ஒருவர் பகரத்தைப் புரட்டி, அங்கிருந்து தகரத்துக்கு அனுப்பப்பட்டு, அதன் பிறகு 143ஆம் பக்கத்துக்குப் போக வேண்டுமா? நேராகவே 143 என்று போட்டுவிடலாமே.

மத்திகிரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இருவர் சொல்வதையும் ஒரு விதிக்குள் கொண்டுவரலாம். நான் கடைப்பிடிப்பது இது. ஒரு பொருளுக்கு ஒன்றிரண்டு பக்கங்களே இருந்தால், இரண்டு பெயரிலும் பக்க எண்ணையே கொடுத்துவிடுவேன். "காண்க" என்று எழுதுவதற்கு ஆகும் அதே இடத்தில் எண்ணே அடங்கிவிடுகிறது. உட்தலைப்புகள் நான்கைந்து வந்துவிட்டால் மட்டும் ஓரிடத்தில் வைத்து, மற்றதிலிருந்து "காண்க" என்று அனுப்புவேன். எந்தச் சொல்லைத் தலைச்சொல்லாக்குவது என்பதில் நான் கூழாலை ஐயாவின் பக்கம். ஆசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும்: அடைவு என்பது சொல்லைக் கற்றுக்கொடுக்கும் இடமன்று. உள்ளே பத்தியில் "தாங்கி, அதாவது பேரிங்" என்று முதன்முறை வரும்போது எழுதினால் கற்பித்தல் அங்கே நடந்துவிடுகிறது.

"காண்க" இடுபவர்கள் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். அது அனுப்பும் தலைச்சொல் உண்மையில் அடைவில் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலான கருவிகள் பார்ப்பதில்லை. "பம்ப், காண்க: எக்கி" என்று இருக்கும், எகரத்தில் தேடினால் "நீரேற்றி" என்று வேறெங்கோ இருக்கும். குறிகள் டாக்புக் போன்ற எக்ஸ்எம்எல் வடிவில் இருந்தால் இதைச் சோதிக்கும் நிரலை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே கையேடு தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் கேட்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் அடைவுக் குறிகள் பத்தியிலிருந்து பிய்த்தெடுத்த தனிச் சொற்களாக வந்து விழும். "சுத்தம் செய்தல்" என்று மட்டும் வந்தால், எதை என்று எனக்கு எப்படித் தெரியும்? மூலத்தை எழுதுபவர் உட்தலைப்பை முழுமையாக எழுதினால் எங்களுக்குப் பெரும் உதவி. வரிசைத் திறவை மட்டும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பவே கூடாது. அந்தந்த மொழியில் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

பாகலூர் சாலை எழுதியது:

நான் கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களின் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் துறையில் ஒரே அடைவு போதாது. பொருளுக்கு ஒன்று, அலாரம் எண்ணுக்கு ஒன்று, பாராமீட்டருக்கு ஒன்று என்று பிரித்தால்தான் பயன்படும். கூழாலையிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிழை எண்கள் இருக்குமல்லவா? டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவணக் குறியீட்டு மொழியில் கருத்து, செயல்கூறு, மாறி, விசை, நிரல், தரவு வகை என்று ஆறு அடைவுகள் பிறவியிலேயே இருக்கின்றன. வேண்டாதவற்றை ஒன்றாக இணைத்தும் விடலாம். டாக்புக்கில் குறிக்கு வகை கொடுத்து, வகைக்கு ஓர் அடைவு என்று பிரிக்கலாம்.

பிழை எண்களை அடுக்கும்போது "அலாரம் 10" என்பது "அலாரம் 9"க்கு முன்னால் வந்துவிடும். திறவில் எண்களை 0009, 0010 என்று சம இலக்கமாக்கிவிடுங்கள்.

பென்னாகரத்து நிரலர் எழுதியது:

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதோடு இடைவெளியையும் முடிவுசெய்ய வேண்டும். "நீர் வெளியேற்றம்" என்பதும் "நீர்க்குழாய்" என்பதும் எந்த வரிசையில் வர வேண்டும்? சொல் சொல்லாக அடுக்கினால் இடைவெளிக்கு 0000 கொடுக்க வேண்டும், அப்போது "நீர் வெளியேற்றம்" முன்னால் வரும். எழுத்து எழுத்தாக அடுக்கினால் இடைவெளியை விட்டுவிட வேண்டும், அப்போது "நீர்க்குழாய்" முன்னால் வரும். ஆங்கில நூல்களில் இரண்டும் உண்டு. தமிழில் நான் எழுத்து முறையையே பரிந்துரைப்பேன், ஏனெனில் "வடிகட்டித் துணி" என்று பிரித்து எழுதுபவரும் "வடிகட்டித்துணி" என்று சேர்த்து எழுதுபவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள். சொல் முறையில் அடுக்கினால் அந்த இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போய்விடும்.

ஓசூர்க் கையேட்டாளர் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை அடைப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கையேட்டை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் "இதைத் தேடி வருபவர் கையில் என்ன இருக்கும்" என்று பென்சிலால் எழுதி, அதன் பிறகே மூலத்தில் மும்மடி அடைப்பை இட்டேன். குறிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அப்படிக் குறைந்தவற்றிலும் முன்பு இல்லாத கசிவு, சத்தம், அதிர்வு, பை உப்புதல், கூழ் நிறம் மாறுதல் ஆகியவை புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. இயல்பாக்கியதும் கொதிகலன் ஒன்றாகிவிட்டது. நிரலர் சொன்ன திறவு நிரலை டாக்புக் நிலையில் ஓட்டினேன். ஆசிரியர் ஐயா கொடுத்த ஐந்து சொற்களும் அவர் கொடுத்த வரிசையிலேயே நிற்கின்றன. "காண்க" சோதனையில் மூன்று குருட்டுக் குறிப்புகள் சிக்கின. மூன்றும் நான் போட்டவைதான்.

எச்டிஎம்எல் அடைவும் வந்துவிட்டது, ஆனால் அங்கே புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. பக்க எண் இல்லாததால், இணைப்பின் பெயராகப் பகுதியின் தலைப்பையே நடைதாள் எழுதுகிறது. என் கையேட்டில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் "முன்னெச்சரிக்கை" என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆகவே "மின் இணைப்பு, துண்டித்தல்" என்பதற்கு எதிரே முன்னெச்சரிக்கை, முன்னெச்சரிக்கை, முன்னெச்சரிக்கை என்று ஆறு முறை வருகிறது. எது பல்ப்பருடையது, எது ஸ்டெரிலைசருடையது என்று தெரியவில்லை.

பென்னாகரத்து நிரலர் எழுதியது:

நடைதாளில் அந்த இடத்தை மாற்றி, அத்தியாயத் தலைப்பையும் முன்னால் சேர்க்கச் செய்யலாம். ஆனால் தலைப்புகளையே "பல்ப்பர்: முன்னெச்சரிக்கை" என்று மாற்றிவிடுவது எளிது. பக்கவாட்டில் வரும் உள்ளடக்கப் பட்டியலுக்கும் அது உதவும்.

காவேரிப்பட்டணம் கூழாலை எழுதியது:

தலைப்பை மாற்றுவதே நல்லது. கைக்கணினியில் நேராக அந்தப் பக்கத்தில் போய் இறங்குபவருக்கு, தாம் எந்த இயந்திரத்தின் பகுதியில் நிற்கிறோம் என்பதும் அதனால் தெரியும்.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

தம்பி, அடைவின் படியை எனக்கு அனுப்பியதற்கு நன்றி, முழுவதும் பார்த்துவிட்டேன். பேரிங் தலைச்சொல்லாகவும், தாங்கியின் கீழ் "காண்க: பேரிங்" என்றும் இருக்கிறது. என் கருத்து மாறவில்லை, ஆனாலும் திருத்தச் சொல்லமாட்டேன். கிரந்தப் பகுதியில் மட்டும் ஒரு பிழை உண்டு: "ஹோமோஜெனைசர்" என்பது "ஸ்டெரிலைசர்" என்பதற்கு முன்னால் வந்திருக்கிறது. ஸகரம் முன், ஹகரம் பின்.

ஓசூர்க் கையேட்டாளர் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன் ஐயா. நிரலில் கிரந்த எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது ஸகரத்துக்கும் ஹகரத்துக்கும் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறேன். நிரலர் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. நான் தட்டியதில்தான் பிழை. இப்போது ஜகரம் 32, ஷகரம் 33, ஸகரம் 34, ஹகரம் 35 என்று திருத்தி மறுபடியும் ஓட்டினேன். ஸகரத்தின் கீழ் சென்சார், சீல் எல்லாம் வராமல் சகரத்திலேயே நிற்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டேன். தலைப்புகளை இன்று இரவு மாற்றிவிட்டு, நாளை காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.